30 வயதுக்கு மேல் கராத்தே, சிலம்பம் கற்கலாமா? தடை வயது இல்லை... வகுப்புதான்!

தமிழ் சினிமாவில் ஹீரோ சண்டை கற்றுக்கொள்ள ஒரு பாட்டு போதும். பல்லவியில் கீழே விழுவார், சரணத்தில் எழுந்து நிற்பார், பாட்டு முடியும்போது வில்லனின் ஆட்களைப் பந்தாடத் தயாராகிவிடுவார். நிஜத்தில் அந்தப் பாட்டு முடிய ஒன்றிரண்டு வருடமாவது ஆகும். அதிலும் முதல் மூன்று மாதம், கீழே விழும் பல்லவி மட்டும்தான் திரும்பத் திரும்ப ஓடும்.

ஆனாலும் ஆபீஸ் முடிந்து கராத்தே, சிலம்பம், பாக்ஸிங் என்று விசாரிக்கும் 30, 40 வயதுக்காரர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று சிலர். ஜிம் போரடித்துவிட்டது என்று சிலர். இரவில் வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்கள் சிலர். சின்ன வயதில் வீட்டில் சேர்த்துவிடவில்லை என்ற குறை இன்னும் மனசில் இருப்பவர்கள் சிலர். எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ‘வயசாயிடுச்சே, இனிமே முடியுமா?’

முடியும். ஆனால், கற்கும் இடம் பெரியவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

வகுப்பில் என்ன சிக்கல்?

மாலை 5 மணிக்கு ஒரு பள்ளி மைதானத்தையோ, மொட்டை மாடியையோ, சமுதாயக் கூடத்தையோ எட்டிப் பார்த்தால் போதும். ஒரே மாஸ்டர், எதிரில் முப்பது நாற்பது பிள்ளைகள். பயிற்சியும் அவர்களுக்கானதுதான். பெல்ட் தேர்வு, மாவட்டப் போட்டி, சான்றிதழ் என்றுதான் வகுப்பு நகர்கிறது. இதில் மாஸ்டர்களைக் குறை சொல்லவும் முடியாது. அரசு வேலைக்கான 3% விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழுக்கு மதிப்பு இருக்கும்போது பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கத்தானே செய்வார்கள்?

இந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் 38 வயது ஐடி ஊழியர் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் நிற்கும் பத்து வயதுப் பையன் பச்சை பெல்ட். இவருக்கு அவன் சீனியர். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு நின்றாலும், அடுத்து வருகிறது வார்ம்-அப். மைதானத்தைச் சுற்றித் தவளை ஓட்டம், நூறு தோப்புக்கரணம், காலை விரித்து உட்காரும் ஸ்பிளிட். பத்து வயதுக்கு அது விளையாட்டு. ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வரும் உடம்புக்கு அது தண்டனை.

இதற்கு உடற்கூறு காரணமும் உண்டு. பயிற்சி தொடங்கினால் தசை சில வாரங்களிலேயே வலுப்பெறத் தொடங்கிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அவ்வளவு வேகமாகப் பழகாது, அதற்கு மாதங்கள் ஆகும். அதனால்தான் இரண்டாவது மாதம் ஆபத்தான கட்டம். ‘இப்போ நல்லா பழகிடுச்சு’ என்று வேகத்தைக் கூட்டும் நேரத்தில்தான் முழங்காலும் தோள்பட்டையும் குதிகாலும் மக்கர் பண்ண ஆரம்பிக்கும். அதோடு வகுப்பு நின்றுவிடும். ‘நம்ம வயசுக்கு இது செட் ஆகாது’ என்ற முடிவோடு யூனிஃபார்ம் பீரோவுக்குள் போய்விடும். பழி வயது மேல் விழுகிறது. உண்மையில் தவறியது பயிற்சியின் அளவு.

கறுப்பு பெல்ட்டின் உண்மைப் பொருள்

பெரியவர்களைச் சோர்வடைய வைக்கும் இன்னொரு விஷயம், பெல்ட் கணக்கு. ‘கறுப்பு பெல்ட் வாங்கறதுக்குள்ள எனக்கு 45 ஆயிடும்’ என்று விரல் விட்டு எண்ணுபவர்கள் அதன் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

ஜப்பானின் ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் கோடோகன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கினார். தற்காப்புக் கலையில் ‘டான்’ என்ற தர வரிசையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கராத்தே உள்ளிட்ட மற்ற கலைகள் பின்னர் அதை எடுத்துக்கொண்டன. கறுப்பு பெல்ட்டின் முதல் படிக்கு ஜப்பானிய மொழியில் ‘ஷோடான்’ என்று பெயர். ‘தொடக்க நிலை’ என்பதே அதன் பொருள். அதாவது, அடிப்படையைக் கற்று முடித்தாயிற்று, இனிமேல்தான் பாடம் ஆரம்பம். நம் ஊரில் அதைப் பட்டமளிப்பு விழா ஆக்கிவிட்டோம்.

அதே கோடோகனில் 1930-களில் 21 வயதில் சேர்ந்தவர் கெய்கோ ஃபுகுடா. அந்தக் காலத்து ஜப்பானில் கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்த பெண். பெண் என்பதாலேயே 5-ஆம் டானுக்கு மேல் போகவிடாமல் பல ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டார். அமெரிக்காவில் குடியேறி, 90 வயதைத் தாண்டியும் சொல்லிக்கொடுத்தார். 2011-ல், 98 வயதில் அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு 10-ஆம் டான் வழங்கியது. ஜூடோவில் அதுதான் உச்சம். எல்லோராலும் ஃபுகுடா ஆக முடியாதுதான். ஆனால், பெல்ட் தள்ளிப் போனாலும் பயிற்சியை விடவேண்டியதில்லை என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

முதல் 6 மாதம் எப்படி இருக்க வேண்டும்?

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, பழைய மூட்டுக் காயம் உள்ளவர்கள் சேரும் முன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. அதன் பிறகு, தொடக்கத்தில் வாரத்துக்கு 2 நாள் வகுப்பு போதும். தினமும் போனால் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கு 16 வயதில் சரி. முப்பதுக்கு மேல் ஓய்வு நாளும் பயிற்சியின் ஒரு பகுதி. மீதி நாளில் வேகநடை போனால் போதும். 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், 2 நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு வகுப்பும் கொஞ்சம் நடையும் சேர்ந்தால் இதற்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

ஜூடோ மாதிரி தூக்கிப் போடும் கலை என்றால், முதல் பாடம் விழுவதாகத்தான் இருக்க வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் தரையை அறைந்து விழும் முறைக்கு ‘உகெமி’ என்று பெயர். பாத்ரூமில் வழுக்கினாலும் தலை தப்புவதற்கு இந்தப் பழக்கம் உதவலாம். இதைச் சொல்லித்தராமல் முதல் வாரமே தூக்கிப் போட வைக்கும் வகுப்பிலிருந்து தாராளமாக வெளியே வந்துவிடலாம்.

சிலம்பம் என்றால், கம்பைச் சுழற்றுவதற்கு முன் காலடி. எந்தக் கால் முன்னால், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது உடம்பில் ஏறிய பிறகுதான் கை வேலை. நெற்றி உயரக் கம்பைக் கையில் வாங்கியதும் முதல் அடி எதிராளிக்கு விழாது. சொந்தக் கணுக்காலில் விழும், அடுத்தது பின்மண்டையில். உள்ளங்கையில் கொப்புளம் வரும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். பெரியவர்களுக்குச் சிலம்பம் பொருந்த ஒரு காரணமும் உண்டு. அடிப்படைப் பயிற்சியை எதிராளி இல்லாமல் தனியாகவே செய்யலாம், வேகம் நம் கையில் இருக்கும். ஆனால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை அதிகம்.

டேக்வாண்டோவில் உயரமான உதைகள் அதிகம், இடுப்பும் முழங்காலும் கவனம். கராத்தேயில் ‘கட்டா’ எனப்படும் தனிப்பயிற்சி வரிசை பெரியவர்களுக்கு நல்ல தொடக்கம். பாக்ஸிங்கில் பை குத்துவது அருமையான உடற்பயிற்சி. தலையில் அடி வாங்கும் சண்டைக்கு அவசரப்பட வேண்டாம். அடி பட்ட பின் தலைவலி, வாந்தி, குழப்பம் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது, அடுத்து டாக்டர்தான்.

வலியிலும் இரண்டு வகை உண்டு. மறுநாள் தசை முழுவதும் வலித்து, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் அது புதுப் பழக்கத்தின் வலி. மூட்டு வீங்கினால், ஒரே இடத்தில் குத்தினால், நாளுக்கு நாள் கூடினால் அது காயம். ‘வலிச்சாதான் வளரும்’ என்ற வசனத்தை இரண்டாவது வலியிடம் பேசக் கூடாது.

‘10 நாளில் தற்காப்பு’ நம்பலாமா?

இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. பெண்களுக்காக நடத்தப்படும் ஒருநாள் முகாம், பத்து நாள் முகாம்களில் கையைப் பிடித்தால் முறுக்குவது எப்படி, கழுத்தைப் பிடித்தால் விடுபடுவது எப்படி என்று காட்டுவார்கள். பிடித்திருப்பவர் ஒத்துழைப்பவராக இருப்பதால் எல்லாமே அழகாக வேலை செய்யும். தெருவில் பிடிப்பவன் ஒத்துழைக்க மாட்டான். விழிப்புணர்வுக்கு அந்த முகாம்கள் நல்லதுதான். ஆனால், அதை முடித்துவிட்டு ‘இனிமே யாரும் கிட்ட வர முடியாது’ என்று நினைப்பது, ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

எதிர்த்து நிற்கும் ஒரு பார்ட்னரோடு, பாதுகாப்பான விதிகளுக்குள், மாதக்கணக்கில் பழகினால்தான் எந்தப் பிடியும் கைக்கு வரும். அப்போதும் அது தரும் பெரிய பலன், அடிக்கும் திறமையைவிடப் பதறாமல் இருக்கும் பழக்கம்தான். கத்துவது, விலகுவது, ஓடுவது, 112-க்கோ 181-க்கோ அழைப்பது எல்லாமே தற்காப்புதான். அதைச் சொல்லித்தராத மாஸ்டர் பாதிப் பாடத்தைத்தான் நடத்துகிறார்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசுகிறது. தன்னையும் பிறரையும் காக்க எதிர்த்துத் தாக்கலாம். ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது என்கிறது 37-வது பிரிவு. ஓடிப்போகிறவனைத் துரத்திப் பிடித்து அடித்தால், அதைத் தற்காப்பு என்று வாதிடுவது கஷ்டம்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

* பெரியவர்களுக்குத் தனி பேட்ச் இருக்கிறதா? இல்லையென்றால் வார்ம்-அப்பையாவது மாற்றித் தருவார்களா?

* சண்டைப் பயிற்சி எப்போது தொடங்கும்? வேண்டாம் என்று சொல்லலாமா?

* பிடியில் வலித்தால் கையால் தட்டியதும் உடனே விட வேண்டும் என்ற விதி உண்டா?

* உடலைத் தொட்டுச் சொல்லித்தரும்போது முன்கூட்டிச் சொல்கிறார்களா? பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா?

* பெல்ட் தேர்வு கட்டாயமா? அதற்கும் யூனிஃபார்முக்கும் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?

* அடிபட்டால் முதலுதவிக்கு என்ன ஏற்பாடு?

இந்தக் கேள்விகளுக்கு ஒரு மாஸ்டர் எரிச்சல்படுகிறார் என்றால், அதுவே பதில்.

மாஸ்டர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்

‘பெரியவங்க ரெண்டு மாசம் வருவாங்க, அப்புறம் ஆபீஸ் வேலைன்னு நின்னுடுவாங்க. அவங்களுக்குத் தனி பேட்ச் போட்டா வாடகைக்கே கட்டாது’ என்பது பல பயிற்சியாளர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏன் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தவளை ஓட்டத்தில் முழங்கால் போனவர் எப்படித் திரும்பி வருவார்? வாரத்தில் இரண்டு நாள், காலை 6 மணிக்கு, எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு மணி நேரம். குதிப்பதற்குப் பதில் நிதானமான அசைவு, கூட்டமாகக் கத்துவதற்குப் பதில் காரணம் சொல்லும் விளக்கம். இதற்குப் புது இடமோ புதுக் கருவியோ தேவையில்லை. பெரியவர்கள் ‘ஏன்?’ என்று கேட்பார்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஃபீஸை அவர்களே கட்டுவார்கள். பிடித்துப்போனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

சிலம்பம் ஒன்றும் குழந்தைகளுக்காக மட்டும் பிறந்ததும் இல்லை. கோயில் திருவிழாவில் வேட்டியை மடித்துக்கட்டிக் கம்பு சுற்றும் ஐம்பது வயது அண்ணன்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. போட்டியும் சான்றிதழும் வந்த பிறகு வயது வரம்பு நம் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதனால், ‘இந்த வயசுலயா?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். அந்த நேரத்தில் வீட்டுப் பக்கத்தில் இரண்டு மூன்று வகுப்புகளைப் போய்ப் பாருங்கள். விழச் சொல்லித்தரும் இடம், ‘வலிக்குது’ என்றால் நிறுத்தும் இடம், கடைசி வரிசையையும் கவனிக்கும் இடம் எதுவோ, அதில் சேருங்கள். அது சிலம்பமா, ஜூடோவா, கராத்தேயா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.