தபால்தலையின் விலையும் தபால் செலவும்

பழம்பொருள் விற்பவர் உறையை ஒட்டும்போது மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்கள், உறை காணாமல் போகும்போதுதான் கணக்குக்கு வருகின்றன.

1931-இல் ஹைதராபாத் நிஜாம் அரசு வெளியிட்ட தபால்தலைகளில் ஓரணாத் தலையில் சார்மினார் இருக்கும். இரண்டணாத் தலையில் உயர்நீதிமன்றம், நாலணாவில் உஸ்மான் சாகர் ஏரி, எட்டணாவில் அஜந்தா குகை வாசல். சமஸ்தானத்துக்கு 1869 முதலே சொந்தத் தபால்தலைகள் உண்டு. 1950-இல் அதன் தபால் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. இன்று அந்தத் தலைகளை யாரும் கடிதத்தில் ஒட்டுவதில்லை. ஆல்பத்தில் ஒட்டுகிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

தபால்தலை என்பது ஒரு காலத்தில் அனுப்பும் செலவைக் கட்டியாயிற்று என்பதற்கான ரசீது. இப்போது அந்த ரசீதே சரக்காகிவிட்டது. அதை வாங்கியவர் வீட்டுக்கு அனுப்ப இன்னொரு ரசீது தேவைப்படுகிறது. பிரச்சினை அந்த இரண்டாவது ரசீதில்தான் ஆரம்பிக்கிறது.

ஹைதராபாத்தில் பழைய பொருள்களுக்குப் பஞ்சமில்லை. அபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடைகள். ஜும்மேராத் பஜாரில் வியாழக்கிழமை காயலான் சாமான்கள். நிஜாமின் தபால்தலைகள், சார்மினார் பொறித்த வெள்ளி ரூபாய்கள், உஸ்மானியா நோட்டுகள் என்று சமஸ்தானம் விட்டுப்போன சொத்துக்கு நாடு முழுக்க ஆள் இருக்கிறார்கள். முன்பு வாங்குபவர் நேரில் வந்தார், கண்ணாடி வைத்துப் பார்த்தார், பேரம் பேசினார், பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். இன்று போட்டோவைப் பார்த்து, போனிலேயே பணம் அனுப்பிவிடுகிறார். வாங்குபவர் சென்னை மாம்பலத்தில் இருக்கலாம், டெல்லி கரோல்பாகில் இருக்கலாம். விற்பவரை அவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் ஒருவர் சென்னைக்காரர் ஒருவருக்கு 8,000 ரூபாய்க்கு ஒரு தபால்தலைத் தொகுதியை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டை வைத்து உறையில் போட்டால் எடை 50 கிராமுக்குள் அடங்கும். முன்பு அவருக்கு ரெஜிஸ்டர்டு போஸ்ட் என்ற வழி இருந்தது. ஆரம்பக் கட்டணம் சுமார் 26 ரூபாய். 2025-இல் அது ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணமும் மாறியது. 50 கிராம் வரை வெளியூருக்கு 47 ரூபாய். பெயருக்குரியவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால் பதிவுக்கு 5 ரூபாய். வாங்குபவரின் போனுக்கு வரும் ரகசிய எண்ணைச் சொன்னால்தான் தரவேண்டும் என்றால் இன்னொரு 5 ரூபாய். மொத்தத்துக்கும் 18 சதவீத வரி. ஆக, 67 ரூபாய் சொச்சம்.

8,000 ரூபாய்ப் பொருளுக்கு 67 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் இந்தத் தொழிலில் எல்லாப் பொருளும் 8,000 ரூபாய்க்குப் போவதில்லை. 150 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் விற்பவைதான் அதிகம். 26 ரூபாய்க்கு அனுப்பிப் பழகியவருக்கு இரட்டிப்புக்கு மேலான செலவு உறுத்தும். அதனால் சிலர் பதிவை விடுகிறார்கள், சிலர் ரகசிய எண்ணை விடுகிறார்கள், சிலர் சாதாரணத் தபாலிலேயே போட்டுவிடுகிறார்கள். பத்து உறை பத்திரமாகப் போய்ச் சேரும். பதினோராவது போகாது.

அப்போது என்ன கிடைக்கும்? ஸ்பீட் போஸ்டில் பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பது 1999-இல் வந்த விதி. நுகர்வோர் கமிஷன்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டிய விதியும் இதுதான். அந்த அளவுகோலில் பார்த்தால் நம் ஹைதராபாத்காரருக்கு 8,000 ரூபாய்க்குப் பதில் 100 ரூபாயைச் சுற்றி ஏதோ ஒரு தொகை கிடைக்கும்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று தோன்றும். 1898-ஆம் ஆண்டின் தபால் நிலையச் சட்டம், 6-ஆம் பிரிவிலேயே அந்தக் கதவைச் சாத்திவைத்தது. தொலைந்தாலும் தாமதமானாலும் சேதமானாலும், அரசு தானாக முன்வந்து ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கு மேல் எதுவும் கேட்க முடியாது. ஊழியர் மோசடி செய்தாலோ வேண்டுமென்றே தவறு செய்தாலோ அவர்மீது மட்டும் வழக்குத் தொடரலாம். அதற்குப் பதிலாக வந்து 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கும் தபால் நிலையச் சட்டத்தின் 10-ஆம் பிரிவும் இதே பாதுகாப்பைத் தொடர்கிறது. உச்ச நீதிமன்றமும் இதைப் பரிசீலித்திருக்கிறது. இந்தியாவிலிருந்து பாகிஸ்தானுக்கு விபிபி-யில் சரக்கு அனுப்பிய ஒரு வியாபாரி, பணம் வந்துசேரவில்லை என்று வழக்குப் போட்டார். 1980-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புகளில் இருக்கிறது அந்தத் தீர்ப்பு: தபால் துறை அனுப்புபவரின் ஏஜெண்ட் இல்லை, கூலிக்குச் சரக்கு ஏற்றும் நிறுவனமும் இல்லை, அது அரசின் பொதுச்சேவை.

கூரியரில் அனுப்பினால் நிலைமை மாறுமா? ரசீதின் பின்புறத்தைப் படித்தவர்களுக்குப் பதில் தெரியும். ஒரு பின்னலாடை நிறுவனம் 1990-இல் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவண உறை போய்ச் சேரவில்லை. சீசன் தவறியது, நஷ்டம் லட்சங்களில். பாரதி நிட்டிங் கம்பெனிக்கும் டிஎச்எல் கூரியருக்கும் நடந்த அந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, இன்றும் கூரியர் வழக்குகளில் வந்து நிற்கிறது. ரசீதில் நஷ்ட ஈட்டுக்கு 100 டாலர் உச்சவரம்பு போட்டிருந்தது, அனுப்பியவர் கையெழுத்துப் போட்டிருந்தார், எனவே 100 டாலர்தான். பொடி எழுத்து என்பதால் அது ஒப்பந்தம் இல்லாமல் போய்விடவில்லை.

கூரியரில் இன்னொரு பள்ளமும் உண்டு. ரொக்கம், தங்கம், நகை, பழம்பொருள் ஆகியவற்றை ஏற்பதில்லை என்று பல நிறுவனங்களின் விதிகளிலேயே இருக்கிறது. அதற்காக விற்பவர் நாணயத்தை உறையில் வைத்து 'ஆவணங்கள்' என்று எழுதிக்கொடுக்கிறார். கவுண்டரில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தொலைந்தபிறகு 'உள்ளே வெள்ளி ரூபாய் இருந்தது' என்று சொன்னால், அவரே எழுதிய காகிதம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

சரி, பொருள் தொலைந்தால் நஷ்டம் விற்றவருக்கா, வாங்கியவருக்கா? இந்தக் கேள்வியில்தான் நட்புகள் முறிகின்றன. 'தபாலில் சேர்த்ததோடு என் பொறுப்பு முடிந்தது' என்பது விற்பவர்களின் வழக்கமான வாதம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் அதற்கு ஓர் ஆதாரமும் இருக்கிறது. ஒப்பந்தப்படி அனுப்பவேண்டிய சரக்கை, எடுத்துச்செல்பவரிடம் ஒப்படைத்தால், வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக முதல்நோக்கில் கொள்ளலாம் என்கிறது 39-ஆம் பிரிவு. ஆனால் பலரும் அதே பிரிவின் அடுத்த வரிக்குப் போவதில்லை. சரக்கின் தன்மைக்குத் தக்க நியாயமான ஏற்பாட்டை விற்பவர் செய்திருக்கவேண்டும். வாங்குபவர் வேறுவிதமாகச் சம்மதிக்காத நிலையில் விற்பவர் அதைச் செய்யத் தவறி, வழியில் பொருள் தொலைந்தால், 'அது என்னிடம் ஒப்படைத்ததாகாது' என்று வாங்குபவர் மறுக்கலாம். 8,000 ரூபாய்த் தொகுதியைச் சாதாரணத் தபாலில் போட்டவருக்கு இந்த வரி சாதகமாக இருக்காது. செலவை மிச்சம் பிடிக்கும்படி வாங்குபவரே சொல்லியிருந்தால், அதை எழுத்தில் வாங்கிவைத்திருக்க வேண்டும்.

இடையில் சில ஆண்டுகள் இந்தத் தகராறைத் தீர்க்க ஒரு நடுவர் இருந்தார். 2004-இல் பாசி டாட் காமை வாங்கி இந்தியாவுக்குள் வந்த ஈபே, 'பைசாபே' என்ற முறையில் வாங்குபவரின் பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அனுப்பியதற்கான விவரம் வந்தபிறகு விற்பவருக்குக் கொடுத்தது. 2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது. சேகரிப்பாளர்களின் வியாபாரம் பெருமளவு வாட்ஸப், பேஸ்புக் குழுக்களுக்கு நகர்ந்தது. அங்கே பணம் முதலில் போய்விடுகிறது. நடுவர் கிடையாது. குழுவின் அட்மின் நல்லவராக இருந்தால் பஞ்சாயத்து நடக்கும், அவ்வளவுதான்.

மிஞ்சுவது இன்ஷூரன்ஸ். தபால் துறையிலேயே இன்ஷூர் செய்து அனுப்பும் வசதி பழங்காலம் முதல் இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை மதிப்பு அறிவிக்கலாம். கரன்சி நோட்டு, தங்க நாணயம் போன்றவற்றை இன்ஷூர் செய்துதான் அனுப்பவேண்டும் என்பது விதி. உறையில் அரக்கு முத்திரை வைத்து, எடை குறித்துக் கொடுக்கவேண்டும். வந்துசேரும் உறையில் சேதமோ எடைக் குறைவோ தெரிந்தால், பெறுபவர் ஊழியர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். முறை நல்ல முறை. ஆனால் அரக்கும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கப் பொறுமை உள்ளவர்கள் குறைந்துவிட்டார்கள்.

விலை பெரிதானால் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களில் போக்குவரத்து பாலிசி எடுக்கலாம். இதில் கவனிக்கவேண்டியது 'மதிப்பு' என்ற சொல். பழம்பொருளுக்கு அச்சிட்ட விலை கிடையாது. ஓரணாத் தலைக்கு முகமதிப்பு ஓரணாதான், மீதி எல்லாம் சந்தை சொல்லும் விலை. தொலைந்தபிறகு அந்த விலையை நிரூபிக்கும் பாரம் விற்றவர்மீது விழுகிறது. முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்பைப் பாலிசியில் எழுதிவிட்டால், மோசடி இல்லாதவரை அந்த மதிப்பே இறுதியானது என்கிறது 1963-ஆம் ஆண்டின் கடல்சார் இன்ஷூரன்ஸ் சட்டம். ஆனால் சரியாகப் பேக் செய்யாததால் வந்த சேதத்துக்கு எந்தப் பாலிசியும் பொதுவாகப் பணம் தராது. உறைக்குள் நாணயம் ஆடிக்கொண்டிருந்தால், அது காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வர ஒரு ரயில் பயணம் போதும்.

வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு இன்ஷூரன்ஸுக்கு முன்னால் ஒரு தடை இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளைக் கடந்த நாணயத்தைத் தனியார் ஏற்றுமதி செய்யக்கூடாது. ஆறாவது நிஜாம் மகபூப் அலி கான் 1911-இல் இறந்தார். எனவே அவர் காலத்துச் சார்மினார் ரூபாய் ஒவ்வொன்றும் இப்போது அந்தத் தடைக்குள் வந்துவிட்டது. சிங்கப்பூர்த் தமிழர் எவ்வளவு விலை சொன்னாலும் அதைத் தபாலில் போடமுடியாது. ஹைதராபாத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. ஜஹாங்கீர் 1613-இல் அச்சிட்ட, நிஜாம் குடும்பத்தின் வசம் இருந்த சுமார் 12 கிலோ எடையுள்ள தங்க மொகர் 1987-இல் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தது, விற்கவில்லை. சிபிஐ விசாரித்தது. அது எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 12 கிலோ நாணயமே கைமாறிய தடம் தெரியாமல் போகும் என்றால் 12 கிராம் நாணயத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக, 'டெலிவரி ஆயிற்று' என்ற ஒற்றை வரி. உறை போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் அது சான்று. உள்ளே என்ன இருந்தது என்று அது சொல்லாது. 'காலி உறை வந்தது' என்று வாங்குபவர் சொன்னால் விற்பவரிடம் பதில் இருக்கவேண்டும். 'வேறு தலையை வைத்துவிட்டார்' என்றால் அப்போதும் வேண்டும். பொருளின் இரு பக்கப் படம், பேக் செய்வதை முகவரி தெரியும்படி வெட்டாமல் எடுத்த வீடியோ, எடை அச்சான கவுண்டர் ரசீது, விலை ஒப்புக்கொண்ட உரையாடல்: இந்த நான்குக்கும் காசு செலவில்லை. வாங்குபவரும் உறையைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவிட்டால் பாதித் தகராறு எழவே எழாது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, சிறிய விலைக்கு விற்பவர் நான்கைந்து பொருள்களைச் சேர்த்து ஒரே உறையில் அனுப்பலாம். செலவை விலையில் ஒளிக்காமல் தனியாகச் சொல்லி, பதிவும் இன்ஷூரன்ஸும் வேண்டுமா என்று வாங்குபவரிடமே கேட்கலாம். தபால் துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. 5 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ரகசிய எண் சொல்லித்தான் உறையை வாங்கமுடியும் என்று கவுண்டரிலேயே செய்துகாட்டிய துறை, இன்ஷூரன்ஸையும் அரக்கிலிருந்து விடுவித்து அதே கவுண்டரில், அதே ரசீதில் தரலாம். 67 ரூபாய் வாங்கிக்கொண்டு 100 ரூபாய்க்குப் பொறுப்பேற்பதைவிட, நியாயமான பிரீமியம் வாங்கிக்கொண்டு 8,000 ரூபாய்க்குப் பொறுப்பேற்பது துறைக்கும் லாபம்தான். அதுவரை, உறையை ஒட்டுவதற்கு முன் அதன் மதிப்பை ஏதாவது ஒரு காகிதத்தில் பதிவுசெய்துகொள்வது விற்பவரின் வேலை.