ரேடியோச் சரித்திரம் யாருடையது?

மலாயாவின் ரேடியோச் சரித்திரத்தை எழுதுவோர் ஜோகூரிலேயே தொடங்குவர். 1921-ல் ஜோகூர் சர்க்காரின் மின்சார எஞ்சினியர் ஏ. எல். பிர்ச் முதல் ரேடியோப் பெட்டியைக் கொணர்ந்தார். பின்னர் ஜோகூர் வயர்லெஸ் சங்கம் தோன்றி, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பிற்று. இவை உண்மையே, நாம் மறுக்கவில்லை. ஆயின், ரப்பர்த் தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழருக்கு அவ்வொலியில் என்ன பங்கு இருந்தது?

மத்திய அலை ஜாதி பாராது, சம்பளம் பாராது. துரை பங்களாவுக்கும் கூலி லயத்துக்கும் ஒன்றுபோலவே வந்து சேரும். பெட்டி வாங்கப் பணமின்மையும், அறிந்த மொழியில் பேச்சின்மையுமே வேலிகளாய் நின்றன. 1946-ல் அமைந்த ரேடியோ மலாயா தமிழிலும் பேசிற்று. எழுத்தறியாதவரும் உலக நடப்பைத் தம் மொழியில் கேட்கலாயினர். இதுவன்றோ பெரிய மாறுதல்!

“சங்கமின்றி ஒலியேது?” என்பார் சிலர். கேட்போரின்றி ஒலிபரப்புக்குப் பொருளேது என்கிறோம் நாம். பெட்டி கொணர்ந்தவர் பெயர் ஏட்டில் நிலைத்தது. பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தவர் கதை ஏடேறவில்லை.

இன்று பெர்மாஸ் ஜெயாவின் வீடுகளில் மின்னல் எப்.எம். பண்பலையில் ஒலிக்கிறது. பழைய மத்திய அலையைக் கேட்டு வளர்ந்த பெரியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்தப் பெட்டி, யார் வீட்டில், என்ன கேட்டீர் என்று அவர்களைக் கேட்டு இன்றே எழுதிவையுங்கள், தோழர்களே! பிறர் நமக்காக எழுதுவர் என்று காத்திருப்பது, நம் சரித்திரத்தை நாமே அழிப்பதாகும்.