பழைய எஞ்சினும் ஓர் அமானிதமே

 

தங்கள் இல்லத்தின் பின்கட்டில் பழைய எஞ்சின் ஒன்று சாக்குப் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். வாப்பா காலத்தில் வாங்கியது, ஓடி நின்றது, இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு விலை சொல்லிச் சென்றது. அதனைக் கொடுத்துவிடுவதற்கு முன் சற்றுப் பொறுத்து இம்மாதக் கட்டுரையைப் படியுங்கள்.

கொல்லிமலையில் வாழ்வோருக்கு இச்செய்தி இன்னும் நெருக்கமானது. மிளகும் காப்பியும் வாழையும் விளையும் அம்மலையில் ஓடை நீரை மேட்டுக்கு ஏற்றவும் மருந்து தெளிக்கவும் சிறிய பெட்ரோல் எஞ்சின் பெருந்துணை. அது கோடையில் நின்றுவிட்டால், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அதனைக் கீழே இறக்கிப் பழுதுபார்த்து மீண்டும் ஏற்ற வேண்டும். அதற்குள் கொடி வாடிவிடும். ஆகவே, எளிய பழுதுகளை வீட்டிலேயே நீக்கத் தெரிந்திருப்பது அக்குடும்பத்தின் ரிஸ்கைக் காக்கும் கல்வியாகும்.

டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்த இந்தச் சிறு எஞ்சினும், கடற்கரை ஊர்களில் படகின் பின்புறம் மாட்டப்படும் பழைய அவுட்போர்டு மோட்டாரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளே. ஒன்று நீரை மேலேற்றுகிறது. மற்றொன்று நீரைப் பின்தள்ளிப் படகை முன்செலுத்துகிறது. உள்ளே நிகழும் வேலை ஒன்றே.

எந்த எஞ்சினும் ஓடுவதற்கு மூன்று தேவை: நல்ல எரிபொருள், உரிய நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் போதிய அழுத்தம். இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தால் பழுது தானே வெளிப்படும்.

நெடுநாள் நின்ற எஞ்சினின் கயிற்றை எடுத்த எடுப்பில் வேகமாக இழுத்தல் கூடாது. துருவேறிய பிஸ்டன் வளையங்கள் முறிந்துபோகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியாகச் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பின்னர் ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால், பிளக் துளையை விரலால் அடைத்துக்கொண்டு கயிற்றை இழுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறினால் அழுத்தம் உண்டு. இல்லையெனில் வளையமோ கேஸ்கட்டோ தேய்ந்திருக்கக்கூடும். அது மெக்கானிக்கின் வேலை.

அடுத்தது தீப்பொறி. பிளக்கை அதன் வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் உடலைத் தொடுமாறு வைத்துக் கயிற்றை இழுங்கள். பளிச்சென்ற நீலப் பொறி தெரிய வேண்டும். பொறி மங்கலாயின் பிளக்கை மாற்றுங்கள். பழைய மேக்னெட்டோவாக இருப்பின் அதன் பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, குறிப்பேட்டில் உள்ள இடைவெளியை வையுங்கள். இச்சோதனையின்போது பெட்ரோல் அருகில் இருத்தலாகாது. பிளக் துளையினின்றும் எரிபொருள் ஆவி வெளிப்படும். ஆகவே பிளக்கை அத்துளைக்கு அப்பால் வைத்தே சோதியுங்கள்.

மூன்றாவது எரிபொருள். நாட்பட்ட பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். டாங்கியைக் காலி செய்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, ஜெட்டைக் காற்றூதிச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். இந்நாளில் நமது நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். ஆகவே குழாய்களைப் புதிதாக மாற்றுவதே நலம். பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் அளவிலும் கவனம் வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. தங்கள் எஞ்சினுக்குரிய அளவு எதுவோ அதையே பின்பற்றுங்கள்.

கழற்றும் திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, ஒரு தாளில் படமும் வரைந்து வைக்கச் சொல்லிப் பிள்ளைகளை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். ஆண், பெண் இருபாலரும் கற்கட்டும். ஆனால் அடுப்பங்கரைப் பக்கம் பெட்ரோலைக் கொண்டுசெல்லாதீர்கள். அடைத்த அறைக்குள் எஞ்சினை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் உயிரைப் பறித்துவிடும்.

அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்போர் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். தண்ணீரால் குளிரூட்டப்படும் மோட்டாரைத் தண்ணீரின்றி ஓட்டினால், உள்ளிருக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். ட்ரம்மில் நீர் நிரப்பி அதில் அமிழ்த்தியே சோதியுங்கள். அடிப்பாகத்துக் கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். 26-12-2004 அன்று சுனாமி தாக்கியபோது நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் கடல்நீரில் மூழ்கின. நாகப்பட்டினம் பகுதியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் படகுகளையும் எஞ்சின்களையும் பழுதுநீக்கித் தந்தன. மூழ்கிய எஞ்சினைத் தாமதமின்றி நன்னீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இட வேண்டும். காற்றுப் பட்டபின் உப்பு விரைந்து அரிக்கத் தொடங்கிவிடும்.

உதிரிப் பாகங்களைப் பேணி வையுங்கள் என்பதற்கும் காரணம் உண்டு. ஓலே எவின்ரூட் என்பார் 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொணர்ந்த அவுட்போர்டு மோட்டார் உலகெங்கும் பரவிற்று. அப்பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. தயாரித்தவர் கைவிட்ட பின்னரும் எஞ்சின் வாழ்வது, வைத்திருப்பவரின் கைத்திறனால்தான்.

இனி மலைவாழ் வாசகர்களுக்கெனத் தனியே ஒரு செய்தி. கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரியாக ஓடிய எஞ்சின் மலைமேல் ஏறியதும், காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்து, பிளக்கில் கரி படிந்து திணறும். ஒரு படி சிறிய ஜெட்டைப் பொருத்தினால் சீராகும். ஆனால் அதே எஞ்சினை அப்படியே சமவெளிக்கு இறக்கி ஓட்டினால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலுடன்தான் எண்ணெயும் செல்கிறது, அதுவும் குறையும். முடிவில் பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும்.

இங்கேதான் நம் ஈமானுக்குச் சோதனை வருகிறது. மலையில் சீர்செய்த எஞ்சினைச் சந்தையில் ஒருவர் வாங்க வருகிறார். ஒரே இழுப்பில் அது ஓடுகிறது, அவர் மகிழ்கிறார். ஜெட்டை மாற்றியிருப்பதை நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. கீழே அவருடைய வயலில் சில நாட்களில் எஞ்சின் நின்றுபோகும். அதுவே படகு மோட்டாராயிருந்து, அதன் குறை மறைக்கப்பட்டிருந்தால், அது நிற்கும் இடம் நடுக்கடல். கரையில் காத்திருப்பது ஒரு குடும்பம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அதனை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவி, மோசடி செய்வோரைக் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணியைக் குறை கூறாமல் விற்றுவிட்டார். அதையறிந்த இமாம் அவர்கள் அத்தொகையைத் தர்மம் செய்துவிட்டார்கள் எனச் சரித நூல்கள் கூறுகின்றன. ஓடும் எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும் குறையும் அந்த ஈரத் தானியமே.

எனவே, பழுதுநீக்கியதும் ஓர் அட்டையில் எழுதி எஞ்சினிலேயே கட்டிவிடுங்கள்: மாற்றிய பாகம், ஜெட்டின் அளவு, எண்ணெய்க் கலவை, இன்னும் சரியாகாத குறை. விற்றாலும், இரவல் கொடுத்தாலும், பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றாலும் அந்த அட்டை உடன் செல்லட்டும். அதனால் விலையில் சில நூறு ரூபாய் குறையலாம், பரக்கத் குறையாது.

தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்ட தூதரின் உம்மத்தினர் நாம். பழுதுபார்ப்பது நமக்கு இழிவன்று. பழுதை மறைப்பதே இழிவு. நம் கைகளுக்குத் திறனையும் நாவுக்கு உண்மையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.