‘மிகை’ என்றொரு தீர்ப்பு

சிவாஜி கணேசனின் பெயரை எடுத்தாலே எமது இலக்கியக் கூட்டங்களில் ஓர் ஏளனச் சிரிப்பு எழும். “அது நடிப்பல்ல, கூத்து” என்பார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். விசாரணையும் இல்லை, சாட்சியும் இல்லை, வழக்கு முடிந்துவிடும்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகிய கூத்துக்களை மேடையேற்றியதை ஈழத்து நாடகத்தின் மறுமலர்ச்சி என்று எழுதுகிறோம். ஓங்கிய குரலும் விரிந்த அசைவும் அங்கே மரபுச் செல்வம். 1964இல் வெளியான ‘கர்ணன்’ படத்தில் அவை வந்தால் மாத்திரம் கூத்து வசைச்சொல்லாகிவிடுகிறது. இது என்ன நியாயம்?

மேடைக்குப் பொருந்துவது கெமராவுக்குப் பொருந்தாது என்று பதில் வரும். பாதி உண்மைதான். ஆனால் 1960இல் வெளிவந்த கே. ஆசிபின் ‘முகலே ஆஸம்’ படத்தைப் பாருங்கள். அக்பராக வரும் பிருத்விராஜ் கபூர் நாடக மேடையில் ஊறியவர்; முழங்குகிறார். சலீமாக வரும் திலீப்குமார் என்ற யூசுப் கான் தணிந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். தகப்பன் பேசுவது அரியணையின் மொழி, மகன் பேசுவது காதலின் மொழி. இருவரும் ஒரே விதமாகப் பேசியிருந்தால் அந்த மோதலே எடுபட்டிராது. கெமராவுக்கு ஒரே பாணிதான் உண்டு என்பவர் இந்த இருவரில் எவரைத் தள்ளுவார்?

சிவாஜி என்ற ஒரே நடிகரிடம் இந்த இரண்டும் இருந்தன. 1952இல் ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சிக்கு மு. கருணாநிதி எழுதியது அடுக்குமொழி வசனம். அதை முணுமுணுத்துச் சொல்ல இயலாது. நாடகக் கம்பனியில் வளர்ந்த 24 வயது இளைஞன் மூச்சைப் பங்கிட்டு, ஒரு சொல்லும் சிதையாமல் அதைச் சொல்லி முடித்தான். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1954இல், எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத படம். யப்பானியருக்கு இரகசியம் விற்கும் வானொலிப் பொறியியலாளராக, குளிர்ந்த முகத்தோடு வருகிறார். 1985இல் பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’. அந்த மலைச்சாமி எவ்வளவு குறைவாகச் செய்கிறார்! ஓங்கி நடிக்கவும் அடங்கி நடிக்கவும் தெரிந்தவர், கதையும் நெறியாளரும் கேட்டதைக் கொடுத்தார் என்பதல்லவா இதன் பொருள்?

ரசிகர்களும் இந்த வழக்கைக் கெடுத்தவர்களே. ‘நவராத்திரி’யில் ஒன்பது வேடம் என்று எண்ணிக் காட்டுகிறார்கள். எண்ணிக்கை நடிப்பாகுமா? 1960இல் கெய்ரோவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பெற்றுத்தந்த சிறந்த நடிகர் விருதைக் காட்டுகிறார்கள். இந்தியாவின் தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் என்ற விருது சிவாஜிக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. 1971ஆம் ஆண்டுக்கான அவ்விருது ‘ரிக்ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது. விருதை அளவுகோலாக்கினால் இதையும் ஏற்க வேண்டும். ஏற்பார்களா? அவரது 200ஆவது படமான ‘திரிசூலம்’ (1979) முதலானவற்றில் அவர் தம்மைத் தாமே பிரதி செய்தார். அந்தத் தொலைபேசிக் காட்சியை எந்த மரபின் பேராலும் காப்பாற்ற முடியாது.

அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? மற்றவர் பேசும்போது நடிகர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் கன்னம் புடைப்பதும் விரல் ஓடுவதும் சிவாஜியுடையவை. வாயை வாத்தியம் அடைத்திருக்க, பத்மினியோடு கண்களால்தான் அவர் பேச வேண்டும். பேசுகிறார். வசனத்தை நம்பியே பிழைத்தவர் என்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

இந்த அளவுகோலை எடுத்தால் சிவாஜி–எம்.ஜி.ஆர். சண்டையில் நாம் மறந்துவிட்டவர்களும் வெளியே வருவார்கள். ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் படக்கதை சொல்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார் டி.எஸ். பாலையா. அந்தக் காட்சியை அரைவாசிக்கு மேல் தாங்குவது கேட்பவரின் முகம். ‘படிக்காத மேதை’யின் ரங்காராவுக்கும் ‘பாசமலர்’ சாவித்திரிக்கும் எமது சஞ்சிகைகளில் எத்தனை பக்கம் ஒதுக்கினோம்? ‘மிகை’ என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு காலத்தையே மூடிவைத்தால் இவர்களும் அதற்குள் புதைந்துபோகிறார்கள்.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் ‘மிகை’ என்று சொல்ல எழுபவர் எந்தப் படம், எந்தக் காட்சி, அங்கே கூடிப்போனது குரலா, கையா, முகமா என்று சொல்லட்டும். அது நடிகரின் பிழையா, வசனகர்த்தாவின் பிழையா, நெறியாளரின் பிழையா என்றும் பிரித்துக் காட்டட்டும். காட்டினால் ஒப்புக்கொள்வோம். காட்டாமல் சிரிப்பதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்க வேண்டாம்.