கீரைக்கு மட்டும் ஏன் தடை?

புறக்கோட்டைக்குக் கீரை வாங்கப் போன பெரியம்மா வெறுங்கையோட வரேல்ல, ரெண்டு தம்பிலியோட வந்தா. பெரியப்பாவுக்கு நாட்பட்ட சிறுநீரக நோய். கிளினிக்கில குடுத்த போட்டோகொப்பித் தாளில "கீரை வகைகள் தவிர்க்கவும்" எண்டு ஒரே வரி. எந்தக் கீரை, எவ்வளவு, எப்பிடிச் சமைச்சது? ஒண்டுமில்லை. தம்பிலி உடம்புக்குக் குளிர்ச்சியாம்.

எனக்கு ஆத்திரம் இதிலதான். கீரைக்குப் பயப்பிடச் சொன்னதுக்கு முக்கிய காரணம் பொட்டாசியம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாட்டி இரத்தத்தில கூடி இதயத்துடிப்பைக் குழப்பும். உயிராபத்து, பகிடியில்லை. ஆனா தம்பிலியிலயும் அதே பொட்டாசியம் நிறைய இருக்கு. 'சோடியம் குறைஞ்ச உப்பு' எண்டு விக்கிறதில பல பொட்டாசியம் குளோரைட்தான். காமரங்காய் வேற கதை: சிறுநீரக நோயாளிக்கு அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும். காரணத்தைச் சொல்லாம பெயரை மட்டும் தடைசெய்தா சனம் வேற வழியால அதே பொட்டாசியத்தைத்தான் குடிக்கும்.

அதோட, இந்த நோய் இருக்கிற எல்லாருக்கும் பொட்டாசியம் கூடுறதுமில்லை. அமெரிக்கத் தேசிய சிறுநீரக அமைப்பின் 2020 வழிகாட்டி சொல்றதும் இரத்த அளவைப் பார்த்து உணவை மாத்தச் சொல்லித்தான். ரிப்போர்ட்டில 3.5க்கும் 5.0க்கும் இடையில நிக்கிற ஒருத்தரிட்ட ஏன் வறையைப் பறிக்கவேணும்? கூடினவருக்கும் ஒரு வழி இருக்கு: நறுக்கி, நிறையத் தண்ணியில அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திவிட்டா பொட்டாசியத்தில கணிசமான பங்கு போயிடும். பச்சையாப் போடுற வல்லாரைச் சம்பலும் அவிச்சுப் பிழிஞ்ச கீரையும் ஒண்டில்லை. டயாலிசிஸ் செய்யிறவை கட்டாயம் டொக்டரிட்ட கேட்டுத்தான் தொடவேணும்.

1990கள்ல இருந்து மெதவச்சிய, பதவிய பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயால விவசாயிகள் சாகினம். தண்ணியா, வெப்பமா, கிருமிநாசினியா எண்டு இன்னும் வாதம் முடியேல்ல. அந்தக் குடும்பங்களுக்குச் சோத்தோட வேலியோரக் கீரைதான் மரக்கறி. 2022 நெருக்கடியில கொழும்பிலயே எத்தனை வீட்டுக்கு அதுதான் கதி! அதையும் வெட்டினா மிஞ்சிறது நூடில்ஸும் சொசேஜும்தான். அதுகளில சேர்க்கிற பொஸ்பேற், இலையில இருக்கிறதைவிட லேசா உடம்பில சேரும்.

மற்றப் பக்கம் "சிறுநீரகத்தைச் சுத்தமாக்கும் பச்சிலைச் சாறு" வீடியோ அனுப்புற அங்கிள்மாருக்கும் ஒரு கும்பிடு. சாறாக் குடிக்கேக்க ஒரு கட்டுக் கீரை ஒரே கிளாஸில போயிடும், பொட்டாசியத்தோட சேர்த்து.

பெரியப்பாட ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் இன்னொரு டொக்டரிட்டக் காட்டினம். இப்ப கிழமைக்கு ரெண்டு தரம் அவிச்சுப் பிழிஞ்ச கங்குன் சாப்பிடுறார். தம்பிலி நிப்பாட்டியாச்சு, அதுக்குத்தான் மனுசன் இன்னும் என்னோட கோவம்.