வெயிலில் வாழும் ஏடு

சென்ற கார்த்திகையில் நண்பரொருவர், தாமும் பண்டிதர், என்னைக் கண்டு, “உம்முடைய இணையத்தளம் இரண்டு நாளாக உறங்குகின்றதே!” என்று நகைத்தார். உறங்கியது உண்மையே. ஐந்து நாள் வானம் மூடிக் கிடந்தது; எனது கூரையிலுள்ள சூரியத் தகட்டுக்கு உணவில்லை. எனினும் அந்நகைப்புக்கு விடையிறுத்தல் என் கடனாகும்.

என் ஆசிரியர் நன்னூலுக்கு எழுதிவைத்த பாடக் குறிப்புக்களை அவர் மறைந்தபின் யான் பெயர்த்தெழுதி இணையத்தில் இட்டேன். கடல்கடந்த நிறுவனமொன்றின் கணினியில் அவை வாடகைக்கு இருந்தன. 2022 இல் நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது என் கட்டணம் போய்ச் சேரவில்லை. சில வாரங்களில் ஏடுமில்லை, இருந்த சுவடுமில்லை. கையெழுத்துப் படி பெட்டியில் இருந்தமையாற் பிழைத்தோம். இனி அது என் வீட்டிலேயே இருக்கும் எனத் துணிந்தேன்.

இதற்கு வழிகாட்டியவர் கிறிஸ் டி டெக்கர் என்பார். பார்சலோனா நகரில் தம் வீட்டு மாடத்திலே 50 வாற்றுத் தகடொன்றை வைத்து, ‘லோ-டெக் மகசீன்’ என்னும் தம் இதழின் தளத்தை 2018 முதல் நடத்தினார். ஏறத்தாழ ஓராண்டிலே நூற்றுக்கு 95 பங்கு நேரம் அது விழித்திருந்தது. எஞ்சிய நேரம் மேகத்துக்கு உரியது என்பதை அவர் மறைக்கவுமில்லை.

என் வீட்டுக் கணக்கும் சிறிதே. உள்ளங்கையளவான கணினிக்கு 2 வாற்று. இணைய இணைப்புப் பெட்டிக்கு 8. நாளொன்றுக்கு 240 வாற்று-மணி. 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணிப் பற்றறியைப் பாதிக்குமேல் வற்றவிடலாகாது. ஆகவே வெயிலின்றி இரண்டரை நாள் தாங்கும். படமும் அலங்காரமும் வேண்டுமென்று மாணவர் கேட்கின்றனர். யான் இசையவில்லை. சூத்திரத்துக்கும் உரைக்கும் எழுத்துப் போதும். எழுத்து மிகச் சிறிதே மின் உண்ணும்.

கூரை நிறையத் தகடு பரப்பியோர் என்னைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. 09-02-2025 அன்று, பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததாம், நாடு முழுதும் மின் நின்றது. பொது மின்கம்பியோடு பிணைந்த தகடுகள், கம்பியில் வேலைசெய்வோருக்கு ஊறு நேராவண்ணம், மின் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். பற்றறி இல்லாதார் நண்பகல் வெயிலிலும் மின்னின்றி இருந்தனர். என் சிறு கணினியோ விழித்திருந்தது. ஆனால் வெளியே செல்லும் வழி பிறருடைய கோபுரத்தை நம்பியது. அதனையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நூல்நிலையம் மாலையிற் கதவடைக்கின்றது. அதனை இறந்ததென்று எவரும் சொல்வதில்லை. நண்பருக்கு இதுவே விடை என்றிருந்தேன். ஆயினும் அந்த இரண்டாம் நாள், பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி மழையில் நனைந்துகொண்டு சைக்கிளில் வந்து, “ஐயா, புணரியல் திறக்குதில்லை” என்று வாசலில் நின்றாள். பெட்டியைத் திறந்து கையெழுத்துப் படியைக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த ஐப்பசிக்கு முன் இன்னொரு பற்றறி வாங்க எண்ணியுள்ளேன். அதன் விலையை நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.