பஞ்சசீலமும் பர்மிய எல்லையும்

பிற நாடுகளின் உள்விவகாரங்களிற் சீனா தலையிடுவதில்லை என்னும் கூற்றுப் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலும், விடுதி அறைகளில் இரவு நெடுநேரம் நீளும் விவாதங்களிலும் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே ஒலித்து வருகின்றது. அமெரிக்கா குண்டு பொழியும். சர்வதேச நாணய நிதியம் நிபந்தனை விதிக்கும். சீனாவோ வீதி அமைத்துத் தரும், அவ்வளவே என்பது இவ்வாய்பாட்டின் சாரம். வாய்பாட்டை ஒப்புவித்தல் எளிது. அதனைப் பரிசோதிப்பதற்கு உகந்த இடம் பீஜிங் நகரின் மாநாட்டு மண்டபமன்று. சீனாவுக்கும், 1989இல் மியன்மார் எனப் பெயர் மாற்றப்பட்ட பர்மாவுக்கும் இடையே மலைகளினூடு 2,100 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் எல்லையாகும்.

பஞ்சசீலம் எனப் போற்றப்படும் ஐந்து கோட்பாடுகளும் 1954 ஏப்ரல் 29இல் இந்தியாவும் சீனாவும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே முதன்முதல் இடம்பெற்றன. அவ்வொப்பந்தம் திபெத்துடனான வணிகமும் போக்குவரத்தும் பற்றியது. திபெத்தியரின் கருத்தை இரு தரப்பாரும் கேட்டிலர். தலையிடாமைக் கோட்பாட்டின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலேயே இவ்வொழிப்பு இடம்பெற்றிருத்தல் மனங்கொள்ளற்பாலது. அதே ஆண்டு ஜூன் மாதத்திற் சௌ என் லாய் இரங்கூன் சென்று பர்மியப் பிரதமர் யூ நூவுடன் இக்கோட்பாடுகளை மீளவும் உறுதிப்படுத்தினார். அக்காலத்து நிலையில் அவை வெறும் அலங்காரமல்ல என்பதை மறுப்பது நேர்மையாகாது. குடியேற்ற ஆட்சியினின்றும் அண்மையில் விடுபட்ட சிறிய நாடுகளுக்கு அவை ஒரு நிழலாகவே இருந்தன. 1960இற் கைச்சாத்தான எல்லை உடன்படிக்கையிலும் சீனா தான் உரிமை கோரிய நிலப்பரப்பிற் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தது. ஆயின் அவ்வுடன்படிக்கையின்படி பீமோ, கௌலம், காங்ஃபாங் ஆகிய மூன்று கச்சின் ஊர்கள் சீனாவுக்குச் சென்றன. அடுத்த ஆண்டு ஆயுதமேந்திய கச்சின் விடுதலைப் படையின் மனக்குறைகளுள் இதுவும் ஒன்று. இரு அரசுகளும் நல்லயலவராய்க் கைகுலுக்கியபோது, எல்லையில் வாழ்ந்த மக்கள் நிலப்படத்திலுள்ள கோடாக மாத்திரமே கருதப்பட்டனர்.

கைகுலுக்கலும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1967 ஜூனில் இரங்கூனிற் சீனருக்கெதிரான கலவரம் மூண்டதும், தலையிடாக் கோட்பாடு கலாசாரப் புரட்சியின் ஆரவாரத்தில் மறைந்தது. 1968 ஜனவரி முதலாம் நாள் நோ செங் என்னும் கச்சின் தளபதியின் தலைமையிற் பர்மியக் கம்யூனிஸ்ற் கட்சியின் படை யூனானிலிருந்து எல்லை கடந்து ஷான் மாநிலத்தினுட் புகுந்தது. ஆயுதமும் பயிற்சியும் சீனா வழங்கியவை. சீனத் தொண்டர்களும் உடன் வந்தனர். 1971 முதல் அக்கட்சியின் வானொலி யூனான் மண்ணிலிருந்தே பேசியது. எழுபதுகளின் இறுதியில் டெங் சியாவோ பிங் கொள்கையை மாற்றியபோது உதவி சுருங்கியது. 1989இல், பெரும்பாலும் பர்மியரான தலைவர்களுக்கெதிராக, கோகாங், வா இனத்தைச் சேர்ந்த படையினர் கலகம் செய்தனர். முதிய தலைவர்கள் சீனாவுக்குத் தப்பியோடினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மலைவாழ் மக்களின் பிள்ளைகள் ஒரு புரட்சியின் பேரால் மடிந்தனர். அப்புரட்சி எங்கே தொடங்கி எங்கே அடங்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை.

இதே இரட்டை அளவுகோலை இலங்கை மாணவர் தம் நாட்டு வரலாற்றிலும் காணலாம். 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, சௌ என் லாய் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்குக் கடிதம் எழுதி அவரது அரசை ஆதரித்தார். 15 கோடி ரூபா வட்டியில்லாக் கடனும் அதனோடு வந்தது. பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ற் கட்சியின் தலைவரான நா. சண்முகதாசனோ அதே ஆண்டில் அதே அரசினாற் சிறைவைக்கப்பட்டார். அவ்வேனிலில் யாஹ்யா கானின் இராணுவம் கிழக்கு வங்காளத்தைக் குருதியில் தோய்த்துக்கொண்டிருந்தது. சீனா அதனையும் பாகிஸ்தானின் உள்விவகாரம் என்றது. 1972 ஆகஸ்ட் 25இற் பாதுகாப்புச் சபையிற் சீன மக்கள் குடியரசு பிரயோகித்த வெட்டு வாக்கு, பங்களாதேஷ் ஐக்கிய நாடுகள் அமைப்பில் இணைவதைத் தடுத்தது. பர்மாவிற் கிளர்ச்சிக்குத் துணை. இலங்கையிலும் பாகிஸ்தானிலும் அரசுக்குத் துணை. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. இவற்றுள் எது பஞ்சசீலம் என்று கேட்பாரில்லை.

புரட்சி ஏற்றுமதி நின்றபின் வணிகம் தொடங்கிற்று. வங்கக் கடலோரத்துக் கியாக்பியூவிலிருந்து யூனான் நோக்கி 2013இல் எரிவாயுக் குழாயும் 2017இல் எண்ணெய்க் குழாயும் இயங்கத் தொடங்கின. மலாக்கா நீரிணையைச் சுற்றாது எண்ணெய் பெறுதல் சீனாவின் நெடுநாள் நாட்டம். குழாய் நெடுகிலும் அமைதி வேண்டும். எவருடைய அமைதி என்பது அதற்கு முக்கியமன்று. ஆகவே ஒரு கை இராணுவ ஆட்சியைத் தாங்கியது; மறு கை எல்லையோரக் குழுக்களை, சிறப்பாக வா படையை, விட்டுவிடாது பற்றியிருந்தது. 2007 ஜனவரியில் பர்மா பற்றிய தீர்மானம் பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது சீனாவும் ருஷ்யாவும் அதனை வெட்டி வீழ்த்தின. 2021 பெப்ரவரி முதலாம் நாள் மின் ஆங் ஹ்லைங் ஆட்சியைக் கைப்பற்றித் தெரிவுசெய்யப்பட்ட தலைவர்களைச் சிறையிட்டார். சீன அரசின் செய்தி நிறுவனமான சின்குவா அதனைப் பெரியதோர் அமைச்சரவை மாற்றம் என வர்ணித்தது. இச்சொல்லாட்சிக்கு ஈடாக எந்த ஏகாதிபத்தியத்தின் பிரசார ஏடும் எழுதியதில்லை எனலாம்.

இனி லாஷியோ நகரின் கதை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் சீனாவுக்கு உயிர்நாடியாயிருந்த பர்மா வீதி தொடங்கிய இடம் இதுவே. 2023 ஒக்ரோபர் 27இற் கோகாங், தாஆங், அரக்கான் படைகள் மூன்றும் கூட்டாகத் தாக்குதல் தொடுத்தன. எல்லையோர இணையவழி மோசடி நிலையங்களை ஒழிப்பதும் தம் நோக்கம் என அவை அறிவித்தன. அந்நிலையங்களாற் சீனக் குடிமக்களே பெரிதும் வஞ்சிக்கப்பட்டமையால், பீஜிங் அப்போது கண்டும் காணாததுபோலிருந்தது எனப் பலரும் கருதினர். 2024 ஜனவரியில் லவுக்காய் வீழ்ந்தது. மோசடிக் கும்பல்களின் தலைவர்கள் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டனர். உடனே குன்மிங் நகரிற் போர்நிறுத்தம் பேசி முடிக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் லாஷியோவும், அங்கிருந்த வடகிழக்கு இராணுவக் கட்டளைத் தலைமையகமும் கோகாங் படையின் கைக்கு வந்தன. இராணுவம் தன் பிராந்தியத் தலைமையகமொன்றை இழந்தது அதுவே முதன்முறை.

தலையிடாக் கொள்கை தன் முழு வடிவையும் காட்டியது இதன் பின்னரே. எல்லைக் கடவைகள் மூடப்பட்டன. மின்சாரமும் இணையத் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. மருந்தும் எரிபொருளும் அருகின. கோகாங் படைத் தலைவர் யூனானிற் தடுத்துவைக்கப்பட்டுள்ளதாகச் செய்திகள் வந்தன. மருத்துவத்துக்காக வந்துள்ளார் என்றது சீன அரசு. 2025 ஏப்ரலிற் சீனக் கண்காணிப்பாளர் முன்னிலையில் லாஷியோ மீண்டும் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டது. ஒரு துப்பாக்கி வேட்டேனும் தீர்க்காது ஒரு நகரின் ஆட்சியை மாற்றிய செயலைத் தலையிடாமை என அழைப்பதற்குத் தனித்துணிவு வேண்டும்.

இவற்றை எடுத்துரைத்தால், உடனே மற்றொரு சாரார் மகிழ்வர். பர்மிய மலைகளில் வெடிக்கும் ஒவ்வொரு குண்டின் பின்னும் சீனாவின் விரலைக் காண்பவர் அவர். அன்னாரின் களிப்பும் பொருந்தாது. கச்சினரும் கரெனியரும் ஷான் மக்களும் கொண்ட மனக்குறைகள் பீஜிங்கிற் பிறந்தவையல்ல. 1947இன் பாங்லோங் உடன்பாடு அளித்த தன்னாட்சி வாக்குறுதி இரங்கூனிலேயே கைவிடப்பட்டது. 2022 டிசெம்பரில் வன்முறையை நிறுத்துமாறு பாதுகாப்புச் சபை தீர்மானித்தபோது வாக்களியாது ஒதுங்கியோர் சீனா, ருஷ்யா மட்டுமல்லர். பஞ்சசீலத்தின் மற்றைப் பங்காளியாகிய இந்தியாவும் அவர்களோடு ஒதுங்கியது. சீனாவை நண்பன் என்போரும் சூத்திரதாரி என்போரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர்: இருவர் கணக்கிலும் பர்மிய மக்கள் தாமாக எதுவும் செய்வதில்லை.

செய்ததற்குச் சான்று உண்டு. ஐராவதி ஆற்றின் தலைப்பில், மிட்சோனிற் சீன நிறுவனமொன்று 6,000 மெகாவாற் கொள்ளளவுடைய அணை கட்ட முற்பட்டது. மின்சாரத்திற் பெரும்பங்கு சீனாவுக்கே செல்லவிருந்தது. கச்சின் ஊரவர் தொடங்கிய எதிர்ப்பு இரங்கூன் எழுத்தாளரையும் ஓவியரையும் பற்றிக்கொண்டது. ஒருவரையொருவர் நம்பாத இனங்கள் ஓர் ஆற்றின்பொருட்டு ஒரே குரலிற் பேசின. 2011 செப்ரெம்பர் 30இற் சனாதிபதி தெய்ன் செய்ன், மக்கள் விருப்புக்கு மாறானதெனக் கூறி வேலையை நிறுத்தினார். பீஜிங் சினந்தது, பின்னர் பலமுறை வற்புறுத்தியது. அணை இன்னும் எழவில்லை.